கிட்டே நின்று எடுத்த படம்

கிடங்கில் எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். கைக்கடிகாரங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு.

ஒருநாள் ஒரு பெட்டி காணாமல் போனது. கூரையில் மாட்டிய கேமராவில் தொப்பி போட்ட ஒரு பெண் மங்கலாகத் தெரிந்தாள். காவல் சூப்பர்வைசர் அந்தப் படத்தை அச்செடுத்தார். நெட்டையின் அடையாள அட்டைப் படத்தையும் பக்கத்தில் வைத்து, கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே, மூக்குக்கும் தாடைக்கும் இடையே ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே ஆள்தான் சார்,” என்று மேனேஜரிடம் சொன்னார்.

“கேமரா உச்சியில இருக்கு சார். மேலேருந்து பார்த்தா யாருக்கும் நெத்திதானே பெருசா தெரியும்?” என்றாள் நெட்டை.

“நல்லாத்தான் பேசற. ஆனா ஸ்கேலுக்குக் காது இல்லையேம்மா!”

அன்றே வேலை போனது. அதோடு விடவில்லை. சூப்பர்வைசர் அவள் படத்தைக் கிடங்கு வாசல் பலகையில் ஒட்டி, ‘திருட்டு. உள்ளே விடக் கூடாது’ என்று எழுதினார். அவள் மகள் பள்ளிக்குப் போகும் வழி அது. மகள் தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தைக் கடப்பதை நெட்டை பார்த்தாள். அந்தப் படத்தை ஒட்டியவன் கையாலேயே கிழிக்க வைக்க வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

கிடங்குக்கு நேர் எதிரே அக்கா வீட்டுக்காரரின் போட்டோக் கடை இருந்தது. வேலை கேட்டுப் போனாள்.

“எதிர்லயே அந்த போர்டு இருக்கு. தினம் பார்த்து வயிறு எரியணுமா?” என்றார் அவர்.

“எரியட்டும் அத்தான். அணைஞ்சிடக் கூடாது.”

அத்தான் முதலில் சொல்லிக்கொடுத்ததே தூரத்தைத்தான். “மூஞ்சிகிட்டப் போய் எடுக்காதே. மூக்கு முன்னாடி வந்து நிக்கும், காது ஓடி ஒளிஞ்சுக்கும், முகம் ஒடுங்கிடும். ரெண்டு எட்டு தள்ளி நில்லு.” சோதித்துப் பார்த்தாள். ஒரே அத்தான், இரண்டு படத்தில் இரண்டு விதமாக இருந்தார். ஒரு ஆள் இரண்டு அளவில் வரலாம் என்றால், இரண்டு ஆள் ஒரே அளவில் வந்ததில் என்ன அதிசயம்?

பிறகு கிடங்கு வாசலில் முகத்தை அளந்து கதவைத் திறக்கும் இயந்திரம் வந்தது. அதில் பதிய எல்லோரும் புதுப் படம் கொடுக்க வேண்டும். ஆட்கள் கடைக்கு வந்தார்கள். எல்லோரையும் தள்ளி நின்று ஒழுங்காக எடுத்தாள். கடைசி நாளில் சூப்பர்வைசரும் வந்தார்.

“அட, நீ இங்கதான் இருக்கியா? கடையில ஏதாவது காணாம போச்சா?”

“இன்னும் இல்ல சார். உக்காருங்க.”

அவர் முகம் பூசணிக்காய் போல அகலம். அவள் கேமராவோடு மூச்சுப் படும் தூரத்துக்குப் போனாள். படத்தைக் கண்டதும் அவர் வாயெல்லாம் பல்.

“மெலிஞ்சு போயிட்டேனே! இதையே குடுத்துடு.”

“குடுத்துடறேன் சார்.”

மறுநாள் காலை கடை வாசலில் நின்று பார்த்தாள். கிடங்குப் பெண்கள் ஒவ்வொருவராக இயந்திரத்தில் முகத்தைக் காட்டி உள்ளே போனார்கள். சூப்பர்வைசர் முகத்தைக் காட்டினார். சிவப்பு விளக்கு. தொப்பியைக் கழற்றினார், சிவப்பு. பல்லைக் காட்டினார், சிவப்பு.

“வேற யாரோ நம்ம சூப்பர்வைசர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான் சார்!” என்று ஒருத்தி கத்தினாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

அவர் மேனேஜரை இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். பெண்களும் பின்னாலேயே வந்தார்கள்.

“இவ வேணும்னே பண்ணியிருக்கா சார்!”

“ஆமா, வேணும்னேதான் பண்ணேன். கிட்டப் போய் எடுத்தேன்,” என்றாள் நெட்டை. அங்கேயே அவரை உட்காரவைத்து, தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்து அச்செடுத்தாள். இரண்டையும் மேஜையில் வைத்தாள். “ஸ்கேல் இருக்கா சார்? அளங்க.”

“எதுக்கு?”

“அளங்களேன்யா,” என்றார் மேனேஜர்.

அளந்தார். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. மறுபடியும் அளந்தார்.

“இப்ப சொல்லுங்க. ஒண்ணு, இதுல இருக்கிறது நீங்க இல்ல. இல்லன்னா, அளவை வச்சு ஆளைச் சொல்ல முடியாது. எது?”

அவர் வாசலைப் பார்த்தார். வாசல் நிறையப் பெண்கள். “படத்தை அளந்தெல்லாம்... சொல்ல முடியாது,” என்று முனகினார்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்.”

“சொல்ல முடியாதும்மா!”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “நீ நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா.”

“வேலை கிடக்கட்டும் சார். முதல்ல அந்தப் படம். இவர்தான் எடுக்கணும். இப்பவே.”

கிடங்கு வாசல் பலகையில் பசை காய்ந்து இறுகியிருந்தது. சூப்பர்வைசர் நகத்தால் சுரண்டினார். நெட்டை இடுப்பில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றாள்.

“அந்த மூலையில இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு சார்.”

சுரண்டி முடித்தார். நகத்துக்குள் காகிதத் துகள். பலகை வெறுமையாக இருந்தது. மகள் மாலையில் இந்த வழியாகத்தான் வருவாள்.

“கதவு திறக்க என்னோட நல்ல படம்?” என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

கடையில் அதற்குள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். “தரேன் சார்,” என்றாள் நெட்டை. “அவங்களுக்குப் பின்னாடி நில்லுங்க.”