பேய்க்குக் காரம் ஆகாது

தஞ்சோங் காராங் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சிற்றாலயத்து உபதேசியார் பேசினார். "தேவி, ஞானப்பூ அக்கா விடியக்காலையில தவறிட்டாங்கம்மா." மீனை அப்படியே விட்டுவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசாம் ஜாவா பக்கத்து எங்கள் தோட்டத்தில், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் சிற்றாலயத்துக்குப் போவார். எங்கள் மாரியம்மன் திருவிழாக் கூழுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே, கைவிடப்பட்ட பழைய லயத்து வீட்டு வரிசை இருக்கிறதல்லவா, ஒரு வருடம் அந்தி நேரத்தில் அங்கிருந்து கைக்குழந்தை அழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அழுதுகொண்டே இருக்கும். யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று நிற்கும். அதன்பின் நாய்கூடக் குரைக்காது. முன்பு அந்த லயத்தில் பிரசவத்தில் இறந்தவள் ஒருத்தி உண்டு. அவள்தான் பிள்ளையோடு அலைகிறாள் என்று தோட்டமே முடிவு கட்டியது. "ஆமா லா, நானும் பாத்தேன், வெள்ளச் சேல" என்று ஞானப்பூ அக்காவும் கண்ணை உருட்டினார். பிறகு யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பிள்ளைபெற்றுச் செத்தவள் பசியோடு அலையக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை சோறும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் அக்கா கொடுத்திருந்த மங்குத் தட்டில் எடுத்துப்போய், லயத்து முதல் வாசலில் படையலாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மறுநாள் காலை போனால், தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாய் தின்றால் தட்டைக் கழுவுமா? ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சாவகாசமாகத் தேநீரை ஆற்றினார்.

"பேய்க்குக் காரம் ஆகலயாம். அடுத்த வாட்டி மொளகா கொறச்சுப் போடு. கொஞ்சம் பால்மாவும் வை."

பேய்க்கு எதற்குப் பால்மாவு என்று கேட்கத் தோன்றாமல் நானும் வாங்கி வைத்தேன்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்றார். "தேவி, பேய்க்குக் காய்ச்சல். காரை எடு."

லயத்தின் உள்ளறையில் ஓர் இளம்பெண் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கை குழந்தையின் வாய்மேல் இருந்தது. பர்மாவில் சண்டை வந்து அவர்கள் கிராமம் எரிந்துபோனதாம். அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் கையை எடுத்த பிறகும் அது அழவில்லை, கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. பேயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போலீஸ் மறிச்சா என்னக்கா பண்றது? பெர்மிட் இல்லாதவங்களாச்சே" என்றேன்.

"ஏசு கைப்பிள்ளையா இருந்தப்பவும் ராஜாவுக்குப் பயந்து வேற தேசத்துக்குத் தூக்கிட்டுத்தான் ஓடினாங்க. அங்க யாரோ ஒருத்தி கதவத் தொறந்திருப்பா இல்ல? அவ பேருகூட நமக்குத் தெரியாது. ஏறு வண்டியில."

கோல சிலாங்கூர் போகும்வரை குழந்தை அவர் மடியில் கிடந்தது. அடையாள அட்டை கேட்காத ஒரு மருத்துவர் ஊசி போட்டார். அப்போதுதான் அது வீறிட்டது. "அழு கண்ணு, நல்லா அழு, எவனுக்கும் பயப்படாத" என்று சொல்லிச் சொல்லி அக்காவும் அழுதார்.

குழந்தை பிழைத்தது. பின்னால் அந்தக் குடும்பத்துக்கு வேறொரு நாட்டில் இடம் கிடைத்தது, போய்விட்டார்கள். லயம் மறுபடி காலியானது. அக்கா மட்டும் வெள்ளிக்கிழமைத் தட்டை நிறுத்தவில்லை. "யாராச்சும் வருவாங்க. சண்ட எங்க ஓஞ்சுது?" என்பார். காலையில் தொடாத சோற்றைக் கொண்டுவந்து கோழிக்குப் போடுவார்.

அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலை அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. ஈர மண்ணில் என் காலடியைத் தவிர வேறு காலடியும் இல்லை. அங்கே ஒரு ஈ காக்காகூடக் கிடையாது என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அடித்துச் சொல்கிறார்.

புதிதாகத் தப்பி வந்தவர்களா, ஞானப்பூ அக்காவேதானா, எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மங்குத் தட்டு. வெள்ளிக்கிழமைதோறும் வைக்கிறேன். மிளகாயைக் குறைத்துத்தான் போடுகிறேன்.