ஓம் போட்டால் பாஸ்

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதற்கும் கட்டைவிரல் ஒன்றே போதும் என்பார் என் முதலாளி, தன் கட்டைவிரலைக் காட்டி. தேரடித் தெருவில் கீழே அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. ஏ.சி. கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரை அணைத்த மறுநொடி அதையும் அணைத்துவிடுவார். நாங்கள் வியர்த்தால் ரிப்பேர் செலவு கிடையாது.

அங்கே சேருவதற்கு முன் மாமாவின் அரிசி மண்டியில் இருந்தேன். மூட்டையில் குத்தூசியை இறக்கி, வந்து விழும் நாலு அரிசியைப் பார்த்து உள்ளே இருப்பது என்னவென்று சொல்லும் வேலை. விட்டு வந்தபோது சும்மா வராமல், "மூட்டை குத்தறதுக்கா மாமா நான் பி.எஸ்ஸி. படிச்சேன்?" என்று மூட்டை தூக்கும் ஆட்கள் முன்னால் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். மாமா கோபப்படவில்லை. "போயிட்டு வா மாப்ள. ஊசி இங்கியேதான் இருக்கும்" என்றார். நான் ஜன்மத்தில் தோற்கக் கூடாது என்று தீர்மானித்தது அந்த வாக்கியத்தால்தான்.

முதலாளிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலையைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். செங்கம் ரோட்டில் வாடகை அறை, வெள்ளை வேட்டி, பாதி நாள் தியானம். உலகம் மாயை என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி வந்தவர், மீதிப் பாதி நாளில் ஒரு மாய எந்திரத்தையும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் வழக்கொழிந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் போல நம்முடைய சின்னக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருள். பழைய புரோகிராம்கள் ஏமாந்து அதற்குள் ஓடும். முதலாளிக்கு இதை விளக்கியபோது உடனே பிடித்துக்கொண்டார்: "கம்ப்யூட்டருக்கு டூப் போடற கம்ப்யூட்டர். சரிதான?" சரிதான். அதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்த டூப்பைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை. அதன் பெயரைத் தட்டி, பின்னால் வரிசையாகச் சில சொற்களை, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்வுக்கோடு போட்டு, தட்ட வேண்டும்: மெமரி எவ்வளவு, எந்த டிஸ்க், திரை வேண்டுமா. ஆர்க்யுமென்ட் என்பார்கள். இப்படிப் பல வரிகளை ஒரு ஃபைலில் எழுதி ஒரே தட்டில் ஓட விட்டால், ஒவ்வொன்றாக ஓடி பாஸ், ஃபெயில் என்று பிரிண்டர் கத்திக்கொண்டே அடித்துத் தரும்.

எங்கள் என்றால் நானும் சீனியரும். சீனியருக்கு என்னைவிட மூன்று மாதம் சர்வீஸ் ஜாஸ்தி. மூன்று மாதத்துக்குள் ஒரு மனிதன் அவ்வளவு சீனியராக முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். "தீபம் வரைக்கும் ரெண்டு பேரும் செய்யுங்க. அப்புறம் ஒருத்தனத்தான் வெச்சுக்குவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் முதலாளி. சண்டைச் சேவல்களுக்குக்கூட யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலாளி கையில் பிள்ளையார் சுழி இல்லாமல் எந்தக் காகிதமும் தொடங்காது. பால் கணக்கும் சலவைச் சீட்டும் உட்பட. கம்ப்யூட்டரில் சுழி போட முடியாது என்றதும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சமாதானமானார்: டெஸ்டின் ஒவ்வொரு வரியிலும் டூப்பின் பெயரை அடுத்து முதல் சொல் 'ஓம்' என்று இருக்க வேண்டும். சீனியர் பயபக்தியோடு போட்டார். நான் போடவில்லை. கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இரண்டே விரலால்தான் தட்டத் தெரியும். வரிக்கு இரண்டு எழுத்து மிச்சம்.

முதல் ரிசல்ட் வந்தது. சீனியருடையது எல்லாமே பாஸ். என்னுடையதில் பாதிக்கு மேல் ஃபெயில்.

முதலாளி என் காகிதத்தை மாடிப்படித் திருப்பத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். கீழே டைப் அடிக்க வரும் பெண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கும் இடம். "ஃபெயில் சார் போறாருடி" என்ற குரல் என் முதுகில் ஏறி இறங்கியது. சீனியர் தன் ரிசல்ட்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, பாஸ் ஒன்றுக்கு ஒரு முறை மணி அடித்தார். மணி நிற்கவே இல்லை.

"இன்னாபா, அவனுக்கு ஓட்றது உனக்கு ஏன் ஓட மாட்டேங்குது? மெஷினுக்கு உன் மூஞ்சி புடிக்கலியா?" என்றார் முதலாளி.

"ஓம் போடல சார் அவன்" என்றார் சீனியர், பரிதாபப்படுகிறவரைப் போல.

"ஓ! பெரியாளு. போடுபா. போட்டுட்டு எங்கிட்ட வா."

போட்டேன். எல்லாம் பாஸ்.

மணி அடிக்கப்பட்டது. நான் மட்டும் கும்பிடவில்லை. ஏனென்றால் ஒரு வரியில், உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாத அளவு மெமரி கேட்டிருந்தேன், கை தவறி. அதுவும் பாஸ். அடுத்து ஓமுக்குப் பின்னால் மெமரிக்குப் பதிலாக 'போண்டா' என்று தட்டிப் பார்த்தேன். போண்டாவும் பாஸ்.

வெள்ளைக்காரர் கொடுத்திருந்த குறிப்பை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். சாய்வுக்கோடு போடாமல் வரும் முதல் சொல்லை, உள்ளே ஓட்ட வேண்டிய புரோகிராமின் பெயர் என்று டூப் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் எது வந்தாலும் அந்தப் புரோகிராமுக்கு உரியது, தனக்கில்லை என்று கையைக் கட்டிக்கொள்ளும். ஓம் என்று ஒரு புரோகிராமை அது தேடியது, காணோம், முணுமுணுக்காமல் மூடிக்கொண்டது. சண்டை இல்லாததால் பாஸ். இத்தனை வாரமாகச் சீனியர் எதையுமே சோதிக்கவில்லை. பக்தியோடு கதவைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறார்.

இதை முதலாளியிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நான் புத்தகம் படித்தவன், சபை வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, இன்ஸ்டிட்யூட் பெண்கள் படியில் நிற்கும்போது, சீனியரையே நாற்காலியில் உட்கார வைத்து, "போண்டானு அடிங்க சார்" என்றேன். அடித்தார். பாஸ். "மணி அடிக்கலியா சார்?" என்றேன். படியில் சிரிப்பு உருண்டது. சீனியரின் காது சிவந்ததை இப்போதும் சொல்வேன், அழகாக இருந்தது.

வெள்ளைக்காரர் ஆணியிலிருந்து என் காகிதத்தை எடுத்து நின்றபடியே கடைசி வரை படித்தார். அவர் எழுதியதில் இருந்த நிஜக் கோளாறுகள் அதில்தான் இருந்தன. "ரொம்ப நல்ல ஃபெயில்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தியானத்துக்குப் போனார். அன்று நான் படிக்கட்டில் இறங்கவில்லை, மிதந்தேன்.

தீபம் முடிந்த மறுநாள் முதலாளி எனக்கு மட்டும் காபி வரவழைத்தார். அவர் காசில் காபி என்றாலே யோசித்திருக்க வேண்டும்.

"நீ சொன்னது கரெக்ட்டுபா. அந்த ஓம்ம எல்லாத்துலயும் எடுத்துர்லாம். எப்படினு அவனுக்குச் சொல்லிக் குட்த்துட்டுப் போ."

"போன்னா... எங்க சார்?"

"உன்னய நிறுத்திட்டேன். அவனத்தான் வெச்சுக்கப் போறேன்."

"அவரு டெஸ்ட் பண்ணது ஒண்ணுகூட டெஸ்ட் இல்ல சார்."

"தெரியும். ஆனா நான் போடுனு சொன்னேன், அவன் போட்டான். நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவேன், அதையும் செய்வான். உனக்கு தப்பு கண்டுபுடிக்கத் தெரியுது, ஒத்துக்கறேன். யார் தப்புனு பாத்துக் கண்டுபுடிக்கத் தெரியலியே." காபியைப் பார்த்தார். "ஆறுது, குடி."

சொல்லிக் கொடுத்தேன். சீனியர் கவனமாகக் கேட்டு, கடைசியில், "நல்லா சொல்லித் தர்றபா. டீச்சர் டிரெய்னிங் போயேன்" என்றார். என் ஃபெயில்களை அவர் பெயரில் புதிதாக அடித்துக்கொண்டிருந்தது பிரிண்டர். நான் படியிறங்கும்போது மேலே மணி அடித்தது. இப்போது ஃபெயிலுக்கு அடிக்கிறார்கள்.

மண்டியில் மாமா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "டேய், கம்ப்யூட்டர் சார் வர்றாரு, வழி உடுங்கடா!" மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு நின்று வழி விட்டார்கள். நான் பிரசங்கம் செய்த அதே ஆட்கள். ஒருவர் வணக்கம் வேறு வைத்தார்.

குத்தூசி தன் பழைய ஆணியிலேயே தொங்கியது. எடுக்கப் போனேன்.

"இரு மாப்ள" என்று மாமா ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "புது லோடு. சீட்டு எழுது. மொதல்ல சுழி போடு."

போட்டேன். பக்கத்து மண்டிக்குத் தெரியும்படி பெரிதாகவே போட்டேன்.