பிடி அரிசியும் நோன்புக் கஞ்சியும்

போன வருடம் ஆவணி மாதம் என் கணவர் குடல் காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்தார். ஒரு சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. புத்தூரிலிருந்து வந்து பார்த்த டாக்டர், "இனிமே கஞ்சிதாம்மா மருந்து. வேளை தவறாம கொடுங்க. தவறினா உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அரிசி இல்லை.

யுத்த காலம். ரேஷன் அரிசி. நோயாளியைப் பார்க்கத் துறையூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நாலு நாள் தங்கி, அழுதுகொண்டே அதைச் சாப்பிட்டுத் தீர்த்திருந்தார்கள். இனி திங்கட்கிழமைதான் கடை திறக்கும்.

பிடி அரிசிக் கலயம் மட்டும் நிறைய இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடுவது நம் சபைப் பெண்களின் வழக்கம்தானே. மறுநாள் ஞாயிறு, அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டும் நாள்.

"அதுலேர்ந்து எடுத்து ஆக்கு, ஞானம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் அவர். குரலே எழும்பவில்லை.

எடுக்கவா, வேண்டாமா? முழங்காலில் நின்று கேட்டேன். ஞாயிறு காலை அவருக்கு வெந்நீரைக் கொடுத்துவிட்டுக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாப் பெண்களும் பார்க்கக் கொட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். ஆண்டவருக்குப் பயந்து கொடுத்தேனா, வெறுங்கலயத்தோடு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கொடுத்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் அவர் கண்ணைத் திறக்கவே கஷ்டப்பட்டார். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பாலக்கரையில் அப்போது யார் வீட்டில் மிச்சம் இருந்தது? "உமக்குக் கொடுத்தேனே ஆண்டவரே, இவரைக் கொன்றுவிடாதேயும்" என்று அழுதேன். அது ஜெபமா சண்டையா, அதுவும் தெரியாது.

பொழுது சாயும் நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்ததும், பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா வாசலில் வந்து நின்றாள். அது ரமலான் மாதம். கையில் மூடி போட்ட தூக்குப் பாத்திரம்.

"மத்தியானம்கூட உங்க அடுப்புல புகையக் காணோமே, ஞானம்மா. பள்ளிவாசல் கஞ்சி. கறி போடல. தண்ணி ஊத்திக் கரைச்சு, வடிகட்டிக் கொடுங்க."

"நீங்க குடிச்சாச்சாக்கா?"

"எல்லாம் ஆச்சு. ஆறதுக்குள்ள கொடுங்க."

ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். ஏழாவது ஸ்பூனில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை அரிசி வந்தது. ஒரு மாதத்தில் வேலைக்குப் போனார்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றுதான் அவள் புருஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு இவ பச்சைத் தண்ணியிலதான் நோன்பு தொறந்தா. இருந்த ஒரு பாத்திரம் கஞ்சியையும் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு ஓடிட்டாளே!" பத்து வருடம் பிடி அரிசி எடுத்த இந்தக் கை, அந்த வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்ததில்லை.

சகோதரிகளே, சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னபோது, "ஒரு சகோதரி மூலம் ஆண்டவர் போஷித்தார்" என்றேன். நம் சபைப் பெண் யாரோ என்று நினைத்துக்கொண்டீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பொய் என்னை உறங்கவிடவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டது என் காணிக்கையையா, அவள் பசியையா? எனக்கு விளங்கவில்லை. இப்போது உலை வைக்கும்போது இரண்டு பிடி எடுக்கிறேன். இரண்டாவது பிடி, எங்கள் தெருவில் எந்த அடுப்பு புகையவில்லையோ அந்த வீட்டுக்கு. நீங்களும் நம்பிக் கேளுங்கள், நம்பிக் கொடுங்கள். உதவி வந்தால், கொண்டுவந்தவரின் பெயரை மறைக்காதீர்கள்.

அவள் பெயர் காதிஜா பீவி.