உச்சியில் விடச் சொன்ன கொத்து

மகளுக்கு மூன்று வயதில் தலை முழுக்க வேனல் கட்டி வந்தது. மருந்து தோலில் பட வேண்டுமானால் முடியை ஒட்ட வெட்டுங்கள் என்றார் மருத்துவர். அது பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. குலதெய்வத்துக்கு நேர்ந்தது. கப்பலேறி ஊருக்குப் போய்த்தான் இறக்க வேண்டும். கணவருக்கு விடுப்புக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"உச்சியில ஒரு கொத்து விட்டுடச் சொல்லு. அது சாமிக்கு இருக்கட்டும்" என்றார் கணவர். சிராங்கூன் சாலையில் அவர் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடையில், "இது ஆம்பளைங்க உக்கார்ற இடம்ணே, பொம்பளப் பிள்ளைய இங்க கூட்டி வராதீங்க" என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் அடுத்த தெருவில் ஒரு சீனப் பெண் நடத்திய கடைக்கு நான்தான் தூக்கிப் போனேன்.

பெண்களுக்கென்று அப்படி ஒரு கடையை நான் அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கடைக்காரியிடம் அரைகுறை மலாயில் சொல்லி, கொத்தை விரலால் பிடித்தும் காட்டினேன். தலையாட்டினாள். முதலில் சரியாக விட்டுத்தான் வெட்டினாள், பார்த்தேன். பிறகுதான் திரும்பினேன். நான்கு பெண்கள் முடி உலர்த்தும் பெரிய உலோகத் தொப்பிகளுக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். தொப்பியின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திச் சிரித்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். யாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லை.

கத்தரிச் சத்தம் நின்றது. உச்சியில் கொத்து இல்லை. நீட்டிக்கொண்டிருந்தது அசிங்கமாகப் பட்டிருக்கிறது அவளுக்கு. "சாந்தெக்!" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். அழகாக இருக்கிறதாம். குனிந்து தேடினேன். பத்துப் பேர் முடியோடு சேர்த்து அதையும் பெருக்கித் தள்ளியிருந்தாள்.

"வெட்டுறப்ப நீ எங்க இருந்த?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"பக்கத்துலதான்."

"பக்கத்துல நின்னு என்ன செஞ்ச?"

"வேடிக்கை பார்த்தேன்."

கடைக்காரிக்கு நான் சொன்னது விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

"படிச்ச பொண்ணுன்னு கட்டிக்கிட்டு வந்தேன்" என்றார்.

பத்து நாளில் கட்டிகள் ஆறின. அதன்பிறகு மகளுக்கு உடம்பு சுட்டால் கணவர் முதலில் அவள் உச்சியைப் பார்ப்பார், அப்புறம் என்னை. நானும் அவளைத் தொடுமுன் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். அவரோ ஞாயிறுதோறும் தன் வழக்கமான முடிதிருத்தும் கடைக்குப் போய், கண்ணை மூடித் தலையைப் பிடித்துவிடச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனோம். மாமியாரிடம் எதையும் சொல்லவில்லை. புதிதாக வளர்ந்திருந்த முடியைச் சாமிக்கு முறையாக இறக்கினோம். திரும்பும் கப்பலில் மகளுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். நான் என் தவற்றைத் தேடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கணவர் அவள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கடல் காத்து ஒத்துக்கல."