ஏரிக்கரைக் கல்லில் நின்ற பெண்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஊர் ஏரிக்கரையில் பழைய நடுகல் ஒன்று உண்டு. வேடியப்பன் கல் என்று ஊரார் கும்பிடுவார்கள். ஓவிய வகுப்புக்குப் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவேன். கல்லில் இருப்பவர் யார், என்ன செய்தார் என்பதை உடையையும் நகையையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடம்.

அன்றும் பிள்ளைகள் உன்னிப்பாகத்தான் பார்த்தார்கள். கல்லில் இருந்த ஆளுக்கு ஒரு பக்கமாகச் சரிந்த கொண்டை, இடுப்பில் செருகிய குறுவாள். "சண்டைக்குப் போறவரு மிஸ், அதான் காலு தடுக்காம துணிய இழுத்துக் கட்டியிருக்காரு" என்றான் ஒருவன்.

வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கையை உயர்த்தி நிற்கிறாள். அவருடைய மனைவி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது என் வழக்கம். அன்று ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்துபோயிருந்தார். காரியம் முடிந்து அப்போதுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள்.

"அவரு செத்துட்டாரு இல்ல மிஸ்? அப்புறம் இவங்க கையில எப்படி வளையல் இருக்குது? எங்கம்மாவுக்கு ஒடச்சிட்டாங்களே."

பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் சில பெண்கள் கணவனோடு தீயில் இறங்கினார்கள், அப்படிச் செத்தவளைச் சுமங்கலியாகவே செதுக்குவார்கள், அதனால்தான் வளையல் என்றேன். இப்போது அது பெரிய குற்றம் என்றும் சொன்னேன்.

"அப்போ கூடவே செத்தாத்தான் வளையல் போட வுடுவாங்களா?"

"இல்லம்மா. உங்கம்மா எப்ப வேணாலும் போட்டுக்கலாம்."

மற்றவர்கள் வாளை வரைந்தார்கள். அவள் அந்தப் பெண்ணை மட்டும் வரைந்தாள், முழங்கை வரை வளையலோடு.

மறுநாள் காலை அவளுடைய பெரியப்பா வந்தார். பின்னால் அம்மா.

"சாமி கல்லுங்க அது. அதக் காட்டி என்ன சொல்லிக் குடுத்தீங்க? அந்தப் புள்ள எம் பொண்டாட்டியோட வளையல எடுத்து அவங்கம்மா கையில மாட்டி வுட்டிருக்கா. கழட்டப் போனா, எங்கம்மாவ நெருப்புல தள்ளப் பாக்குறீங்களான்னு தெருவுல நின்னு கத்துறா. ஊரே வேடிக்கை பாக்குது."

அம்மாவின் மணிக்கட்டில் புதுக் கீறல்கள் இருந்தன.

"அவங்க போட்டுக்கிட்டா என்னங்க தப்பு?" என்றேன்.

"வேணாங்க மிஸ்" என்றார் அம்மா, பெரியப்பா வாய் திறப்பதற்குள். "இவங்க வூட்டு சோறுதான் திங்கிறோம்."

பெரியப்பா தலைமையாசிரியரைப் பார்க்க உள்ளே போனதும், அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பொம்பள தானாவாங்க நெருப்புல எறங்குச்சு?"

"தெரியலைங்க. கல்லுல அது இல்ல."

அவர் தலையசைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே சிறுமியைப் பள்ளியிலிருந்து எடுத்து அரூரில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அம்மா ஓசூரில் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏரிக்கரைக்கு இனி பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

ஓவிய வகுப்பில் இப்போது மாம்பழம் வரைகிறோம்.