ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைக் கோயில்: கட்கிக்கு ஒரு காலைப் பயணம்

இந்த வலைப்பூவுக்கு வாசகர்கள் மூன்று பேர். ஒருத்தி என் மனைவி. அவளும் பிழை பிடிக்கத்தான் வருவாள். இன்னொருவர் நான். மூன்றாமவர் இதே புனேயில் கட்கிப் பக்கம் இருக்கும் ஆறுமுகம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, வருகிற மார்ச்சில் ஓய்வு. போன வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பாவின் பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறதாம், தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்; நோட்டை விற்றால் தாபோடியில் வாடகை வீட்டுக்கு டெபாசிட் ஆகும்; நான் வந்து பார்த்து, வாங்குகிற ஆளைக் காட்ட வேண்டும். ஞாயிறு காலையே கிளம்பிவிட்டேன்.

பாணேரிலிருந்து கட்கி ஒன்பது கிலோமீட்டர். 9.10க்கு ஆட்டோ ஏறி 9.50க்கு இறங்கினேன். மீட்டர் 154 ரூபாய். ரூபாய் நோட்டுப் பைத்தியமான என் பையில் அன்று ஒட்டுப்போட்ட பத்து ரூபாய் ஒன்றைத் தவிர நோட்டே இல்லை. டிரைவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்துத் திருப்பித் தந்தார். “சாஹேப், ஸ்கேன் கரா.” போனில் ஸ்கேன் செய்து கட்டினேன்.

வழியெல்லாம் நெரிசல், மனதுக்குள் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டு போனேன். தெரியாதவர்களுக்காக: சுதந்திரத்துக்குப் பின் ராஜாவின் முகத்தை எடுத்துவிட்டு அசோகரின் சிங்கங்களை வைத்தார்கள். இரண்டு ரூபாயில் முதலில் புலி, பிறகு ஆர்யபட்டா செயற்கைக்கோள். ஐந்தில் டிராக்டர், பத்தில் மயில், நூறில் ஹிராகுட் அணை. அப்போது நாடு தன்னைப் பற்றி நல்லதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் எல்லா நோட்டுக்கும் காந்தி வந்தார். இப்போதைய வரிசையில் ஹம்பி, சாஞ்சி, செங்கோட்டை எல்லாம் உண்டு. இருபதில் இருந்த கோனார்க் சக்கரம் பத்துக்கு உருண்டுவிட்டது, என் உத்தியோகம் மாதிரி. தஞ்சைக் கோயில் மட்டும் திரும்பவில்லை. எழுபத்தெட்டில் அந்த ஆயிரத்தைச் செல்லாது என்றார்கள். பெரும்பாலானவை வங்கிக்குப் போய்விட்டன. மிஞ்சியது அபூர்வம். இருபது வருடமாக நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆறுமுகம் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் மனைவி ஜெயா டீ கொண்டுவந்தார். வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே மூட்டையாகிவிட்டது.

“மாமனாருக்கு பஜார்ல மளிகைக் கடை சார்,” என்றார் ஜெயா. “பேங்க்ல குடுத்தா ஏது காசுன்னு கேப்பாங்கன்னு பயந்து, அரிசி டப்பாவுல போட்டு மூடிட்டாரு. மத்த டைம்ல என்னைய மிரட்டுவாரு, அதுக்கு மட்டும் பயம்.”

“சும்மா இரு ஜெயா. சார், நீங்க எழுதுன மாதிரியே பத்திரமா வெச்சிருக்கேன்.”

உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். பளபளவென்று, விறைப்பாக இருந்தது. லேமினேட் செய்திருந்தார். கோயில் விமானத்தின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழ்.

“ஜெராக்ஸ் கடையில நாப்பது ரூபா வாங்கினான்,” என்றார் ஜெயா. “ஏக்தம் பக்கா.”

நான் எழுதியதுதான். நான்கு வருடத்துக்கு முன், ‘பழைய நோட்டுகளைக் காப்பது எப்படி’ என்று ஒரு பதிவு. என் ரேஷன் கார்டை லேமினேட் செய்த அனுபவம் ஒன்றே அதற்கு ஆதாரம்.

தெரிந்த வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “பிளாஸ்டிக்கில் போட்டதா? வேண்டாம்.”

“இன்னா சொல்றாரு?” என்றார் ஆறுமுகம்.

சொன்னேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும், அப்படியே விட்டால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள், அந்தப் பதிவை எழுதியது என் தவறு. எல்லாம் சொன்னேன்.

ஜெயா மூட்டைகளைப் பார்த்தார். “நாலு வருஷமா இவரு உங்களுதை சாமி புஸ்தகம் மாதிரி படிக்கிறாரு. தெரியாததை ஏன் சார் எழுதினீங்க?”

“வுடு. சார் வேணும்னா பண்ணாரு?” என்றார் ஆறுமுகம். பிறகு என்னிடம், “டிபன் சாப்ட்டுப் போங்க சார்.”

இட்லி சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்துவர எனக்குத் தைரியம் இல்லை. நோட்டை மறுபடி உறையில் போட்டு, அதே அரிசி டப்பாவில் வைத்தார்.

திரும்பும்போது கட்கி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்தேன். சிவாஜிநகருக்கு ஐந்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கட்கிப் பக்கம் போகிறவர்கள் ஒன்பதுக்கு முன் கிளம்புங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டு இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். வெறும் தாளுக்கு நடுவே வைத்தாலே போதும். இதையும் தெரிந்தவர்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், சொல்வது நான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய பதிவை நீக்கத் திறந்தேன். கீழே ஒரே ஒரு பின்னூட்டம். “பயனுள்ள தகவல் சார். அப்பாவின் நோட்டை இன்றே லேமினேட் செய்துவிட்டேன். ஆறுமுகம், கட்கி.”

அதற்கடியில் என் பதில்: “மிக்க மகிழ்ச்சி.”