கன்னிமார் அருவியில் ஒரு வாய்த் தண்ணீர்

பாவாயி வெண்ணந்தூர் நெசவாளி ஒருவரின் மனைவி. 1936இல் அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பயிற்சி பெற்ற என் பேச்சு அவள் மாமியார் குஞ்சம்மாளிடம் எடுபடவில்லை. "பச்சை ஒடம்புக்குத் தண்ணி ஆகாதுங்க" என்று நாளுக்கு அரைச் செம்பு வெந்நீர்தான் கொடுத்தாள். பாவாயிக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

முப்பதாம் நாள், கன்னிமாருக்குப் பொங்கல் வைக்க மலையடிவார அருவிக்குக் குடும்பத்தோடு நடந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஒரு மைல் தூரத்துக்குள் பாவாயி நாலு இடத்தில் உட்கார்ந்தாள்.

தீட்டுக் கழியக் குளிக்கட்டும் என்று அவளை அருவிக்கு அடியில் நிறுத்திய குஞ்சம்மாள், "வாயை மூடிக்கடி. ஒரு சொட்டு உள்ள போனாலும் சன்னி கண்டுரும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, மேலெல்லாம் ஊத்துனா வராத சன்னி, வாயில ஊத்துனா வந்துருமுங்களா?"

"நீங்க படிச்சவிங்க. என்ர மருமவளை நான் பாத்துக்கறேனுங்க."

பாவாயி எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து வாயைத் திறந்து, மூச்சு முட்டும் வரை குடித்தாள். குஞ்சம்மாள் கையை ஓங்கினாள்.

"அடிங்க அத்தை. அடிச்சுப்போட்டு உங்க பேரனுக்கு நீங்களே பால் குடுங்க!"

ஓங்கிய கை இறங்கியது. அன்று முதல் பாவாயி தாகம் தீரக் குடித்தாள்; பால் ஊறியது. அதிலிருந்து நாலாம் நாள் குழந்தை வீறிட்டு அழுதது.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தராத வீட்டுக்கெல்லாம், சாகும்வரை, பாவாயி குடத்தோடு போய்ச் சண்டை போட்டாள்.